எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை

ஆங்கிலத்தில் சில பெயர்ச்சொற்களுக்குத் தனியாக நிற்கப் பிடிக்காது. பின்னால் ஒரு வினையை இழுத்துக்கொண்டுதான் நடக்கும். ட்ரபுள் ஸ்லீப்பிங் என்றால் தூங்குவதில் தொல்லை. டிஃபிகல்டி வாக்கிங் என்றால் நடப்பதில் சிரமம். இடையில் ஒட்டுச்சொல் எதுவும் தேவையில்லை. பெயரையும், ‘இங்’ என்று முடியும் வினையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். நம் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘காட் ப்ராப்ளம் டு ஸ்லீப் லா’ என்கிறோம், கேட்பவருக்கும் புரிந்துவிடுகிறது. புரிந்துவிடுகிறதே என்பதுதான், வாழ்நாளெல்லாம் ஆங்கில ஆசிரியராக இருந்த எனக்கு வயிற்றெரிச்சல்.

எனக்கு எதையும் எண்ணும் வியாதி உண்டு. மழை பெய்து கரண்ட் போன ஒரு மத்தியானம், சிலிபினில் இருக்கும் என் வீட்டில் உட்கார்ந்து இந்த மாதிரிச் சொற்களை எண்ணினேன். பன்னிரண்டு தேறின. அவற்றில் ஒன்பது கஷ்டத்தைச் சேர்ந்தவை: தொல்லை, சிரமம், பிரச்சினை, போராட்டம் என்று போகும். இரண்டுதான் சந்தோஷத்தைச் சேர்ந்தவை. அனுபவம் என்று பொருள்படும் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ எந்தப் பக்கம் என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அது ஆளைப் பொறுத்தது.

ஜெலாப்பாங் போகும் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் டியூஷன் சென்டர் இருக்கிறது. அதை நடத்துபவர் செட்டிநாட்டுக் குடும்பத்துப் பெண்மணி, கணக்காளர், அதிகம் பேசாதவர். சனிக்கிழமை சாயங்காலம் ஓர் அறையைப் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்கு எனக்கு விட்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. ஆறு பேருக்குக் குறைந்தால் அறை கணிதத்துக்குப் போய்விடும்.

அந்த வகுப்பு அவருக்கு ஒரு மூலை வியாபாரம். எனக்கு அதுதான் வேலி. என் மனைவி இறந்த பிறகு, கோலாலம்பூரில் இருக்கும் மகள் தினமும் ராத்திரி போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்பாள். தனியாக இருப்பது கஷ்டமாக இருந்தால் சொல்லுங்கள், வந்து கூட்டிப் போகிறேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, சனிக்கிழமை கிளாஸ் இருக்கிறது என்பேன். கிளாஸ் இருக்கும்வரை அவளால் மேற்கொண்டு பேச முடியாது. கிளாஸ் போனால் நான் அவளுடைய பதினெட்டாவது மாடி வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆரம்பத்தில் பதினொரு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு காரணம். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு எதுவும் வாயில் வருவதில்லை. மாதா கோயிலில் அவர் பாட ஆரம்பித்தால் ஓர்கன்காரர் அவரைத்தான் பின்தொடர வேண்டும், அப்படிப்பட்ட குரல். ஃபேக்டரியில் காவலுக்கு நிற்கும் ஒருவருக்கு வெளிநாட்டு எஞ்சினியர் கேட்பது விளங்க வேண்டும். எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள். முக்கால்வாசிப் பேர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். அந்தத் தோட்டங்களில் இப்போது செம்பனையும் தாமான் குடியிருப்புகளும் இருக்கின்றன.

நான் என் பன்னிரண்டு சொற்களையும் வெள்ளைப் பலகையில் எழுதினேன். ஒவ்வொருவரும் தமக்கு எதில் கஷ்டம் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்றேன். காவல்காரரிடம் முதலில் கேட்டேன். முழங்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்திருந்தார்.

“கஷ்டம்லாம் ஒண்ணும் இல்ல சார். சாமி புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கு.”

நாசி லெமாக் அம்மா விடியுமுன்பே எழுந்து தேங்காய்ப்பால் பிழிகிறவர். தூக்கம், இடுப்பு, வாடகை என்று நானே எடுத்துக் கொடுத்தும் பார்த்தேன். எதிலும் கஷ்டம் இல்லையாம். வரிசையாக எல்லாரையும் கேட்டேன். அந்த அறையில் பதினொரு பேர், ஒருவருக்கும் ஒரு துன்பமும் இல்லை. சொர்க்கத்தில்கூட யாராவது ஒருவர் முணுமுணுப்பார்.

எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது என் அப்பா காய்ச்சலோடு நின்று, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போனதைப் பார்த்திருக்கிறேன். கஷ்டத்தை வெளியாளிடம் சொன்னால் வீட்டு மானம் போய்விடும். சரி, சந்தோஷத்தையாவது சொல்லுங்கள் என்று பலகையின் அடுத்த பக்கத்துக்குப் போனேன். அதற்கும் வாய் திறக்கவில்லை. சந்தோஷத்தைச் சொன்னால் கண் பட்டுவிடும். மிச்சம் எக்ஸ்பீரியன்ஸ் ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது?

அடுத்த வாரம் எட்டுப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஆறு. சென்டர் அம்மா கதவருகே வந்து, பார்வையாலேயே எண்ணிவிட்டுப் போனார். எண்ணுகிறவன் எண்ணப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதற்றத்தில் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தேன். மேசைமேல் இல்லை, பைக்குள் இல்லை, சட்டைப் பையில் இல்லை. நாசி லெமாக் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னார். அவருடைய மெல்ல என்பது கீழே கடைக்குக் கேட்கும்.

“கஷ்டம் யாருக்குன்னு சுத்திச் சுத்திக் கேக்குறாரு. கண்ணாடி தேடுறதுல சாருக்குத்தான்லா கஷ்டம். அது தலமேல இருக்கு.”

அறை சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆசிரியன் உள்ளே விழித்துக்கொண்டான். அதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் தடுமாறி, “சார் ஹேஸ் ட்ரபுள் ஃபைண்டிங் ஹிஸ் கண்ணாடி” என்றார். கண்ணாடி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுத்தம்.

அதோடு மடை திறந்துவிட்டது. தன் கஷ்டத்தைச் சொல்வதுதான் மானக்கேடு. அடுத்தவன் கஷ்டத்தைச் சொல்வது எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், சாயங்கால வேலை. ஆறு பேரும் என்னைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்குக் காது கேட்பதில் சிரமம், பெயர்களை நினைவில் வைப்பதில் தொல்லை, பாடத்தை நேரத்துக்கு முடிப்பதில் போராட்டம். அடுத்த வாரம் யோசித்துத் தயாராக வந்தார்கள். விட்டுப்போனவர்கள் கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார்கள். கூடவே புதிதாக ஒருவர். பன்னிரண்டு பேர், சொல்லுக்கு ஓர் ஆள். என்னைப் பிய்த்துப் போட்டு ஓர் இலக்கண நூலே எழுதலாம் போலிருந்தது. நான் பூரித்துப்போனேன்.

பூரித்தவன் சும்மா இருந்திருக்கலாம். மகளிடம் போனில் பெருமையடித்து, வந்து பார், அப்பா இல்லாவிட்டால் இவர்கள் கதி என்ன என்று நீயே தெரிந்துகொள்வாய் என்றேன். ஒருமுறை பார்த்துவிட்டால் பதினெட்டாவது மாடிப் பேச்சை விட்டுவிடுவாள் என்பது என் கணக்கு.

வந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்தாள். சாருடைய மகள் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று எல்லாரும் தங்களிடம் இருந்ததிலேயே நல்ல வாக்கியத்தை எடுத்தார்கள்.

காவல்காரர் எழுந்து நின்று சொன்னார். சாருக்கு மாடிப்படி ஏறுவதில் சிரமம், பாதியில் நின்று சுவரில் இருக்கும் போஸ்டரைப் படிப்பதுபோல் நடிப்பார். சரி என்று பலகையில் ஒரு குறி போட்டேன். பின்னாலிருந்து ஒருவர், சாருக்குச் சமைப்பதில் தொல்லை, ராத்திரிக்குக் கடையில் வாங்கும் ரொட்டி சானாய்தான் என்றார். அதற்கும் ஒரு குறி. காவல்காரர் உற்சாகத்தில் மறுபடி எழுந்தார். இருட்டில் ரோட்டைப் பார்ப்பதில் சாருக்குச் சிரமம், அதனால் கிளாஸ் முடிந்ததும் தான் மோட்டார் சைக்கிளில் முன்னால் போவதாகவும், தன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே சார் காரை ஓட்டி வருவதாகவும், மூன்று வாக்கியங்களில், ஒரு பிழை இல்லாமல் சொன்னார்.

மகளின் முகம் மாறியதைக் கண்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு ‘இங்’கும் அதனதன் இடத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் இப்படி ஒரு வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை. அடுத்தது, அடுத்தது என்று நானே கையைக் காட்டினேன். பதினான்கு வாக்கியங்கள், பதினான்கு குறிகள். என்மேல் போட்ட வழக்கில் சாட்சிகளுக்கு நானே மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் சிரிக்கவில்லை என்பதை முதலில் கவனித்தது நாசி லெமாக் அம்மாதான். “பாப்பா, நாங்க சும்மா வெளையாட்டுக்குச் சொன்னோம்லா” என்றார்.

“ரோட்டு விஷயமும் வெளையாட்டா ஆன்ட்டி?”

அவர் காவல்காரரைப் பார்த்தார். காவல்காரர் தன் முழங்கால் கட்டைப் பார்த்தார்.

மகள் எழுந்து முன்னால் வந்து என்னிடம் கையை நீட்டினாள். காடிச் சாவியைக் கொடுத்தேன். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லார் முன்னிலையிலும், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க சொல்லுங்கப்பா. உங்களுக்கு எதுல கஷ்டம்?”

வாய் வழக்கம்போல ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் போனது. ஆனால் பலகையில் பதினான்கு குறிகள் இருந்தன, என் கையெழுத்தில். பன்னிரண்டு பேரும் வாக்கியத்துக்குக் காத்திருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

“ஒன் வீட்டுல வந்து உக்காந்தா, காலையில பத்து மணிக்குள்ள எல்லாத்தையும் எண்ணி முடிச்சிருவேம்மா. ஜன்னல், படி, எதிர்க்க இருக்கற பால்கனி, எல்லாம். நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருவீங்க. அதுக்கப்புறம் நான் என்னா செய்றது?”

பிறகு நாசி லெமாக் அம்மா, தன் வேன் சனிக்கிழமை சாயங்காலம் சும்மாதான் நிற்கிறது, சிலிபின் என்ன தூரம், சாரை ஏற்றி வந்து இறக்கிவிடுவதில் தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்றார். சொல்லிவிட்டு, இது நிஜமாகவே இல்லை என்று சேர்த்துக்கொண்டார். மகள் அவருடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காடியை விற்றாகிவிட்டது. நான் இப்போது வேனின் பின்பக்கம் காலிச் சோற்றுப் பானைகளுக்கு நடுவே உட்கார்ந்து வகுப்புக்குப் போகிறேன். முன் இருக்கையில் முட்டைத் தட்டுகள் இருக்கும், அவற்றை அசைக்கக் கூடாது. இறங்கும்போது என்மேல் சம்பல் வாசனை அடிக்கிறது என்று சென்டர் அம்மாவே சொல்லிவிட்டார்.

மகள் இப்போதெல்லாம் தினமும் எனக்குப் போன் செய்வதில்லை. நாசி லெமாக் அம்மாவுக்குச் செய்கிறாள். பயிற்சிக்காக இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்களாம். நான் மாத்திரை விழுங்கியது, படியில் நின்றது, மீண்டும் ரொட்டி சானாய் வாங்கியது எல்லாம் போகிறது. ஆன்ட்டியின் ஆங்கிலம் ரொம்ப முன்னேறிவிட்டது என்று மகள் சொன்னாள். அதில் எனக்குப் பெருமைதான், வேறு என்ன சொல்ல.