வெயிலில் திணறிய சிப்பும் ஒரகடத்துக் கோழிகளும்

1991-ல் ஒரு சனிக்கிழமை, ஸ்டெல்லாவும் நானும் ஒரகடம் புறப்பட்டோம். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். சேர்ந்து தொழில் தொடங்கலாம் என்று, கிடைத்த வேலையைக்கூட அவள் வேண்டாமென்றிருந்தாள். என் மடியிலிருந்த பிஸ்கட் டப்பாவில் எங்கள் முதல் இயந்திரம்: இரண்டு பட்டன், எண் காட்டும் டிஸ்ப்ளே, ஒரு சர்வோ மோட்டார், இவற்றை ஆட்டிவைக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப். பட்டனை அழுத்தி நேரம் வைத்தால், அந்நேரம் மோட்டார் திரும்பித் தீவனப் பெட்டியைத் திறக்கும்.

தாம்பரத்தில் எட்டு மணி பஸ். சுமார் இருபது கிலோமீட்டர். படப்பை தாண்டியதும் சாலை தூக்கித் தூக்கிப் போட்டது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, உள்ள கொயந்தையா கீது?" என்றார் கண்டக்டர்.

"ஆமாண்ணே, இன்னிக்குத்தான் பேசப்போவுது!" என்றாள் ஸ்டெல்லா.

இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் சரோஜாம்மாவின் கோழிப்பண்ணை. "மூணு வேளையும் நானே தீனி போட்டுக்கினு கீறேன். ஒரு கல்யாணத்துக்குப் போவ முடியல. இது வேலை செஞ்சா வாங்கிக்கிறேன்" என்றார்.

கரன்ட் இல்லை. சரோஜாம்மா வீட்டு ஸ்கூட்டர் பேட்டரியில் இணைத்து, முற்றத்து வெயிலில் வைத்தோம். டிஸ்ப்ளேயில் கன்னாபின்னாவென்று கோடுகள், மோட்டார் நடுங்கியது. கொட்டகைக்குள் தூக்கிப்போய் ஒயர்களைப் பார்த்தால், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது! வெளியே வைத்தால் மறுபடி கோடுகள்.

"வசந்தி, வெயில்டி!" என்று கத்தினாள் ஸ்டெல்லா.

அந்தக்காலச் சிப்பின் தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா ஒளி காட்டிப் பழைய புரோகிராமை அழிப்பதற்கு. சுள்ளென்ற வெயில் அதில் பட்டால், புரோகிராம் அழியாவிட்டாலும் சிப் குழம்பிவிடும். அதன்மேல் ஒட்டியிருந்த காகிதம் பஸ் குலுக்கலில் விழுந்திருந்தது. நெற்றியிலிருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஜன்னல்மேல் அழுத்தி ஒட்டினேன்.

எண்கள் வந்தன! மோட்டாரைத் தீவனப் பெட்டியின் மூடியில் மாட்டி, இரண்டு நிமிடத்தில் திறக்கும்படி நேரம் வைத்தோம். 'கிர்ர்' என்று மோட்டார் திரும்ப, தீவனம் கொட்ட, கோழிகள் முட்டிமோதி ஓடிவந்தன. ஸ்டெல்லா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"அய்ய, நான் போடாமயே துன்னுதுங்க பாரு!" சரோஜாம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் ஒயரைக் கழற்றப் போனேன். "இன்னாத்துக்குக் கழட்டுற? இங்கியே வுடு. நாளைக்கு வாலாஜாபாத்ல கல்யாணம், நான் போவணும்!"

இன்று அந்தச் சாலை அகலம், வழியெல்லாம் தொழிற்சாலைகள். ஷிப்ட் மாறும் நேரத்தை மட்டும் தவிருங்கள். சர்க்யூட்டோடு போகிறவர்கள் உதிரி ஒயரும் ஒட்டும் டேப்பும் எடுத்துச் செல்லுங்கள். முக்கியமாக, மேஜைமேல் ஓடியதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எங்கே ஓட வேண்டுமோ, அந்த ஊருக்கு பஸ் ஏறுங்கள்.