அமுக்காமல் விட்ட கால்

நான் கண் நிறையத் தூங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. 1996, ஆடி மாதம். மைசூரில் ஓயாத தூறல். என் வீட்டுக்காரர் கொத்தனார். விஜயநகரில் புது வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். காய்ச்சல், இருமல் என்று படுத்தவர் எழவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வைரஸ் காய்ச்சல் நிமோனியாவாக முற்றிவிட்டது என்றார்கள்.

காலையில் மூன்று வீட்டில் பாத்திரம் துலக்குவேன். பிறகு கஞ்சியோடு பஸ் பிடித்து வார்டுக்கு ஓடுவேன். எங்கள் ஊர் கொள்ளேகால் பக்கம். இங்கே எனக்குப் பதிலாக அவர் பக்கத்தில் இருக்க ஆள் இல்லை. நாங்கள் மாதப்பன் என்று கூப்பிடும் மலை மாதேஸ்வரனைக் கும்பிட உட்கார்ந்தாலும் வார்த்தை வராது.

பன்னிரண்டாம் நாள் மதியம், காய்ச்சல் இறங்கியிருந்தது. ஆனால் அவர் இடது காலைக் காட்டி முனகினார்.

"கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குது ரத்தினா. எண்ணெய் தேச்சு அமுக்கி உடு."

"இருங்க, அமுக்கறேன்" என்றேன். எண்ணெய்ச் சீசாவை எடுத்தேன். கையைத் தூக்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்தேன்.

"மாதப்பா, என்னால முடியலப்பா. இனி நீ பாத்துக்கோ."

அவ்வளவுதான் நான் வேண்டியது. அப்படியே தூங்கிவிட்டேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். வார்டு நர்ஸ். போர்வையை விலக்கி அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கால் மட்டும் பருத்துச் சிவந்திருந்தது.

"அய்யோ, என்னம்மா இது! அமுக்கினீங்களா?"

"இல்லீங்க சிஸ்டர், தூங்கிட்டனுங்க." சொல்லும்போதே அழுதுவிட்டேன். நோயாளி கேட்டதைக்கூடச் செய்யாமல் தூங்கினேனே என்று வெட்கமாக இருந்தது.

டாக்டர் ஓடி வந்தார். தொட்டுப் பார்த்தார்.

"ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கும்மா. இந்த மாதிரிக் காய்ச்சல்ல ரத்தம் சீக்கிரம் உறையும், படுத்தே இருந்தா இன்னும் மோசம். அமுக்கியிருந்தா கட்டி நகர்ந்து நுரையீரலை அடைச்சிருக்கலாம். தொடாம விட்டீங்களே, அது போதும்."

என்னைத் தூங்க வைத்தவன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றே ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். பிறகு பல மாதம் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ஒரு வருஷம் அவர் சாரம் ஏறவில்லை. இன்றும் சாயங்காலமானால் அந்தக் கால் கனக்கிறது. என் களைப்பும் தீரவில்லை. ஆனால் எல்லாவற்றையும் நானே தாங்க வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது. முடிந்ததைச் செய்கிறேன், மீதியை அவனிடம் விடுகிறேன்.

உங்கள் வீட்டில் படுத்திருப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கும்பிடவும் தெம்பில்லை என்றால் கூச்சப்படாதீர்கள். முடியவில்லை என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள். அவனுக்கு அது கேட்கும்.