பேனுக்கு ஷிஃப்ட் இல்லை

சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் தங்கி கம்பெனி வேலைக்குப் போகும் கனகலட்சுமிக்குத் தலை நிறையப் பேன். ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரான சங்கரன்கோவிலில் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். எத்தனை தடவை மருந்து தேய்த்தாலும் பேன் திரும்பி வந்தது.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் காலையில் வேலைக்குப் போனதும், நைட் ஷிஃப்ட் முடித்துவரும் அறைத்தோழி சுகப்பிரியா அதே கட்டிலில், அதே தலையணையில்தான் தூங்குவாள்.

"ஏட்டி, ஒந்தலையில இருந்துதான் எனக்கு ஏறுது!"

"ஆமா, ஒந்தலையில கோயிலா கட்டியிருக்கு?"

இருவரும் லீவு போட்டு ஒரே நாளில் மருந்து தேய்த்தார்கள். தலையணை உறையை வெந்நீரில் முக்கியெடுத்தார்கள். பேன் ஒழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா காபி குடித்தபடியே தலையைச் சொறிந்தாள். பிறகு கனகலட்சுமியைப் பார்த்துக் கேட்டாள்.

"பொண்ணுக்கு ஏதும் கேக்கணுமாம்மா?"

"சம்மதந்தான் அத்தை. தலையணை மட்டும் தனியா வேணும்."