வளர்மதியின் சத்தம் நின்ற பத்து நாள்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் சரோஜா தாமதமாக வந்து வகுப்பு வாசலில் நின்றாள். சின்னாளப்பட்டியிலிருந்து வளர்மதியோடு ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவள் அவள். ஏன் தாமதம் என்று டீச்சர் கேட்டார். "வளர்மதி போயிட்டா டீச்சர். விடியக்காலம் மதுரை ஆஸ்பத்திரியில. இப்பத்தான் வீட்டுக்குக் கொண்டாந்தாக," என்றாள். கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை அன்று யாரும் முடிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் எங்களோடு படித்த வளர்மதியைப் பற்றி, அவளை அறிந்த உங்களுக்காக நம் பள்ளி ஆண்டு மலரில் இதை எழுதுகிறேன்.

சிறு வயதில் அவளுக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்து போயின. போகும்போது அவை இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது யாருக்கும் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் மாடிப்படி ஏற முடியாமல் போனபோதுதான் தெரிந்தது. சென்னையில் கெட்ட வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அவளுடைய பெரியம்மாவுக்கும் இதே நோய் இருந்தது. இருபது வருடத்துக்கு முன்பு, துடிக்கிற இதயத்துக்குள் மருத்துவர் விரலை விட்டு, ஒட்டிக்கிடந்த வால்வைத் திறந்துவிட்டாராம். வளர்மதிக்கோ இதயத்தையே நிறுத்தி வைத்தார்கள். வால்வை மாற்றி முடிக்கும்வரை ஓர் இயந்திரம் அவள் ரத்தத்தை ஓட்டியது. "செத்த நேரம் நான் இல்லாமயே இருந்தேன்டி. நீங்கள்லாம் ஒரு நாளாச்சும் அப்படி இருந்திருக்கீகளா?" என்று எங்களிடம் பெருமையடிப்பாள்.

புது வால்வு மூடும்போதெல்லாம் டிக் என்று சத்தம் வரும். அமைதியான இடத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்கும். காலாண்டுத் தேர்வில் மேற்பார்வைக்கு வந்த புது டீச்சர், "யாரு வாட்ச இம்புட்டு சத்தமா ஓட விட்டிருக்கிறது? கழட்டி மேசையில வை," என்றார். வளர்மதி எழுந்து நின்றாள். "நான்தான் டீச்சர். கழட்டணும்னா மெட்ராஸ் போகணும்." சிரித்துச் சிரித்து எங்களில் சிலருக்கு விடை மறந்தே போனது.

ஆனால் அந்தச் சத்தத்தை நினைத்து அவள் அம்மா கவலைப்பட்டார். "பொண்ணு பாக்க வாரவுக காதுல விழுந்தா என்னத்தா சொல்றது?" என்பார். தாவணியை நெஞ்சில் இரண்டு மடிப்பாகப் போடச் சொல்வார். வளர்மதியும் எங்கள் முன்னால் வேடிக்கையாகப் பேசினாளே தவிர, வகுப்பில் ஜன்னலோரக் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். அங்கே தெருச் சத்தம் அதிகம்.

மருத்துவமனை கொடுத்த ஆங்கிலத் தாளை அவர்களுக்குப் படித்துச் சொன்னவள் நான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும், மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், எந்த மாற்றம் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாற்றம் என்றால் கெட்டதாகத்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். நானும்தான்.

ஒரு வியாழக்கிழமை அவள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். "காது வச்சுப் பாருடி," என்றாள். வைத்தேன். டிக் சத்தம் இல்லை. எங்கோ ஆழத்தில் மங்கலாக ஏதோ அசைந்தது. அவள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ படிச்ச புள்ள, சொல்லுத்தா. நல்லதுதான?"

"நல்லதுதான் அத்தை. உடம்பு வால்வை ஏத்துக்கிருச்சு," என்றேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மறுநாளே அவள் தாவணியை ஒற்றை மடிப்பாகப் போட்டு, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். சத்தம் நின்றால் மகள் படியேறி வந்து கும்பிடுவாள் என்று அவள் அம்மா பழனிக்கு வேண்டியிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மதுரைக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள். அன்று பழனிக்குப் போனார்கள். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து அவள் மலை ஏறியிருக்கிறாள். "ஒரு வருசமா நடக்காத புள்ள, அதான் இளைக்குதுன்னு நெனச்சோம்," என்று அவள் அம்மா பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மூச்சு விட முடியாமல் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்ட மருத்துவர், "இந்தச் சத்தம் எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார். அவள் அம்மா, அந்த நிலையிலும் சற்று மகிழ்ச்சியோடு, "பத்து நாளாச்சுய்யா," என்றாராம். வால்வின் மேல் ரத்தம் உறைந்து, அது சரியாகத் திறந்து மூட முடியாமல் போனதால்தான் சத்தம் அடங்கியது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் இருந்தாள்.

இறந்த வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நீயும் நல்லதுன்னுதான சொன்ன," என்று அழுதார். அது குறை சொன்னதல்ல. தன்னோடு சேர்ந்து மகிழ்ந்தவள் என்றுதான் என்னை நினைத்தார். எனக்குத் தெரியாது, தெரிந்தவள்போலச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

வளர்மதியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பத்து நாள். முதல் வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பின்னால் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்த முகம். அந்தச் சிரிப்பைக் கொடுத்தவளும் நான்தான் என்பதால் அதை மறக்கவும் முடியவில்லை, ஆசையாக நினைக்கவும் முடியவில்லை.

ஆண்டு மலர் அச்சானதும் ஒரு பிரதி அவள் வீட்டுக்குப் போகும். அவள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. படித்துக் காட்டச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுவார். ஒரு வரிகூட விடாமல் படிப்பேன்.