மனைக்கு வாடகை

சட்டம் படிக்காமல் சட்டத்தால் பிழைத்தவன் நான். ஐம்பதுகளின் பிற்பாதியில், பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சிவில் கோர்ட்டின் சுற்றுச்சுவரை ஒட்டி எனக்கு ஒரு மடக்கு மேஜையும் பழைய டைப்ரைட்டரும் இருந்தன. வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் என்னிடம் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு இங்கிலீஷில் மனு அடித்துக் கொடுப்பேன். உள்ளே போய் அவர்களுக்காகப் பேச எனக்கு உரிமை கிடையாது. அது கறுப்புக் கோட்டுக்காரர்களின் சொத்து. ஆனாலும் பலர் என்னை 'வக்கீல் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்த வேண்டும் என்று நினைத்ததுண்டு. நினைத்ததோடு சரி.

எனக்கு இரண்டு பெருமைகள். எங்களுடையது மைசூர் சமஸ்தானத்து உத்தியோகக் குடும்பம். மூன்று தலைமுறையாக இந்த ஊர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். இரண்டும் எனக்கு ஒன்றுதான் என்று பீற்றிக்கொண்டு திரிவேன். இன்னொரு பெருமை, சுருக்கம். பக்கத்து மேஜைக்காரர் மூன்று பக்கம் அடிப்பதை நான் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவேன்.

ஜீவனஹள்ளியிலிருந்து ஓர் அம்மா சம்மனை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. கணவர் கொத்தனார், இறந்துபோய்விட்டார். பெண்கள் இரண்டு பேர். அவர்கள் இருக்கும் வீடு தன்னுடையது, காலி செய்து தர வேண்டும் என்று ஒருவர் வழக்குப் போட்டிருந்தார்.

"வாடகை ஒழுங்கா கட்டறீங்களா?" என்று கேட்டேன்.

"மனைக்கு மாசாமாசம் கட்டிக்கினுதான் சார் வரோம். எங்க வூட்டுக்காரரு இருந்தப்போ கல்லு சொமந்து..."

"கதை வேணாம்மா. கோர்ட்டுக்கு விஷயம் போதும்."

வாதியின் வீட்டுக்கு மாதம் தவறாமல் வாடகை கட்டி வருகிறேன், ஆகவே என்னைக் காலி செய்யச் சொல்ல முடியாது என்று அந்த அம்மா சொல்வதாக அடித்தேன். இரண்டே வரி. கைநாட்டு வாங்கி, எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

விசாரணை நாளன்று கோர்ட்டுக்குள் போய்ப் பின்வரிசையில் நின்றேன். அந்த அம்மாவுக்குத் துணையாக என்று சொல்ல ஆசைதான். உண்மையில், என் இரண்டு வரி உள்ளே எப்படி ஒலிக்கிறது என்று கேட்கத்தான் போனேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் அதை ரசித்து ரசித்துப் படித்தார். வீடு வாதியுடையது என்று பிரதிவாதியே எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இனி என்ன வழக்கு என்றார். பெஞ்சு கிளார்க் அதைத் தமிழில் சொன்னதும் அந்த அம்மா பதறிப்போனார்.

"நான் எப்ப சாமி அப்பிடிச் சொன்னேன்? வாடகை மனைக்குத்தான். வூடு எங்க வூட்டுக்காரரு கட்டுனது!"

கிளார்க் மனையையும் வீட்டையும் 'மனெ' என்றே அதைக் கன்னடத்தில் சொன்னார். முன்சீப் கன்னடக்காரர்; அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மனெ அந்த்ரெ மனெனே அல்வா?" என்று கேட்டார். மனை என்றால் வீடுதானே என்கிறார். கன்னடத்தில் அப்படித்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மா மனை என்றது வெறும் தரையை. தரை அந்த ஆளுடையது, அதற்குத்தான் வாடகை. அதன்மேல் நிற்கும் சுவரும் கூரையும் புருஷன் கட்டியவை. அதைச் சொல்ல வந்தபோதுதான் கதை வேண்டாம் என்று நிறுத்தினேன். தமிழில் கேட்டு, கன்னடத்தில் புரிந்துகொண்டு, இங்கிலீஷில் அடித்து, ஒரு குடும்பத்தின் கூரையை இரண்டே வரியில் பிரித்துப் போட்டிருந்தேன்.

"இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று முன்சீப் கேட்டார்.

அந்த அம்மா திரும்பி நேராக என்னைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பி, "தெரியாது சாமி. ரோட்டுல யாரோ எழுதிக் குடுத்தாங்க" என்றார்.

முதலில் எனக்கு 'அப்பாடா' என்றுதான் இருந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. கொஞ்சம் நிதானமாகவே வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். வக்கீல் மறுபடி எழுந்து, எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று ஆரம்பித்தபோது பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன்.

"நான்தான் எழுதினேன். மனை என்பதை வீடு என்று தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டேன்."

"உன் தாய்மொழி என்ன?" என்றார் முன்சீப்.

"தமிழ்."

கோர்ட்டே சிரித்தது. கிளார்க்கும் சிரித்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அதே வார்த்தையில் தடுக்கி விழுந்த மனிதருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆயுளில் ஒரே ஒரு தடவை கோர்ட்டுக்குள் வாய் திறந்தேன். அதுவும் எனக்குத் தமிழ் தெரியாது என்று சொல்வதற்காக.

முன்சீப் நல்ல மனிதர். திருத்திக் கொடுக்க அனுமதித்தார். அந்த அம்மாவை உட்கார வைத்து, கல் சுமந்ததிலிருந்து ஓடு போட்டது வரை கேட்டு நாலு பக்கம் அடித்தேன். கணவரோடு வேலை செய்த இரண்டு பேர் வந்து சாட்சி சொன்னார்கள். பல வாய்தாக்களுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது: தரை அவருடையது, வீடு இவருடையது, காலி செய்ய வேண்டியதில்லை.

அன்று வராந்தாவில் அந்த அம்மாவை நிறுத்திக் கேட்டேன். "வீடே போக இருந்ததேம்மா. அன்னிக்கு ஏன் என்னைத் தெரியாதுன்னு சொன்னீங்க?"

"நீங்க வக்கீல் இல்லைன்னு தெரியும் சார். கேஸு எழுதுனதுக்கு உங்களப் புடிச்சி உள்ள போட்டுட்டா, அப்பறம் எனக்கு எழுதிக் குடுக்க வேற யாரு இருக்காங்க?"

அதில் கேலியே இல்லை. கேலியாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.