பாஸ் ஆகாத அண்ணனை சார் ஆபீசர் ஆக்கிய கதை

மார்க்கர் பேனா வாசனையும் லவங்கப்பட்டை போட்ட கேக் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கிரிவலப் பாதையில், செங்கம் ரோட்டில் ஒரு கஃபே. அதன் மாடியில்தான் அந்தக் கதை எழுதும் பயிற்சி நடந்தது. நான் அப்போது அதே வரிசையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. கதை எழுத ஆசை மட்டும் நிறைய இருந்தது, வழி சொல்லத்தான் ஆள் இல்லை. சென்னையிலிருந்து ஒருத்தர் வந்து சொல்லித் தருகிறார் என்றதும் ஓடிப்போய்ப் பேர் கொடுத்தேன்.

சார் முதல் நாளே வெள்ளைப் பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். ஹீரோ வீட்டை விட்டுக் கிளம்புவான். வழியில் குரு கிடைப்பார். சோதனை வரும், செத்துப் பிழைப்பான், பரிசோடு வீடு திரும்புவான்.

"உலகத்துல இருக்கற எல்லாப் புராணமும் இந்த வட்டத்துக்குள்ள அடக்கம்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மெய்சிலிர்த்தது. பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை கண்ணில் பட்ட ஆட்களையெல்லாம் அந்த வட்டத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன்...

நான் எழுதியது என் அண்ணன் கதை.

எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் போய், ரூம் எடுத்துத் தங்கி, அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டே இருந்தவன். பாஸ் ஆகவில்லை. எங்கள் பக்கம் இப்படிப் பையன்கள் ஜாஸ்தி. யார் கேட்டாலும் "ரிசல்ட் இன்னும் வரலை", "ஒரு மார்க்ல போச்சு" என்று வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். வீட்டில் இருப்பவர்களும் கூடச் சேர்ந்து ஓட்டுவார்கள்.

என் அண்ணன் ஒரு சாயங்காலம் பையோடு வந்து இறங்கினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே அம்மாவிடம் சொன்னான்.

"எனக்கு வரலமா. இத்தோட உட்டுட்றேன்."

சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டான். அவ்வளவுதான் கதை. எழுதி முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. அண்ணனிடம் கொடுத்தேன். மெதுவாகப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றான்.

சார் படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பரிசு எங்கமா? வெறுங்கையோட திரும்பி வந்தா அவன் எப்படி ஹீரோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சார், இந்த ஊர் கோயில் கதையே அதுதான சார்? அடியைத் தேடிப் போன பெருமாள் வெறுங்கையோடதான் வந்தாரு. என்னால முடியலைனு ஒத்துக்கிட்டாரு. முடியைப் பார்த்துட்டேன்னு பொய் சொன்ன பிரம்மாவுக்குத்தான் கோயிலே இல்லாம போச்சு. யாரு ஹீரோனு இங்க பொறந்தவளுக்குத் தெரியாதா சார்?"

"அது புராணம்மா. நாம எழுதறது ஃபிக்ஷன்."

கேட்டீர்களா நியாயத்தை! எல்லாப் புராணமும் என் வட்டத்துக்குள்ளே என்று சொன்ன அதே வாய்! அவர் வட்டத்தில் உட்காருகிற புராணம் மட்டும்தான் புராணம் போலிருக்கிறது.

கடைசி நாள், வீட்டு ஆட்களையும் அழைத்து, கஃபேயில் கதைகளை வாசித்தோம். அண்ணன் அப்போது ஒரு உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கடைச் சட்டையோடு நேரே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். "இவருதான் சார் எங்க அண்ணன்" என்று சாரிடம் காட்டினேன். என் முறை வந்தது. "கொஞ்சம் டச் பண்ணியிருக்கேன், நானே படிச்சுடறேன்" என்று சார் மைக்கை எடுத்துக்கொண்டார்.

கொஞ்சமா அது? கிரிவலப் பாதையில் ஒரு காவிச் சாமியார் வந்தார். அண்ணன் தலையில் கை வைத்தார். அண்ணன் மறுபடி பரீட்சை எழுதி, ஆபீசராகி, சைரன் வைத்த காரில் வந்து இறங்கினான். அம்மா ஆரத்தி எடுத்தாள். எங்கள் தெருவில் கார் திரும்பவே இடம் கிடையாது! சுற்றிலும் ஒரே கைத்தட்டல்.

"நிஜ ஹீரோவே இங்கதான் இருக்கார்! எழுந்திருங்க சார்!" என்று அண்ணனைப் பார்த்து மைக்கில் கூவினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்திருக்கலாம். அங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

எழுந்தான். "நான் பாஸ் ஆகலைங்க. உரக்கடைல இருக்கேன். என் தங்கச்சி எழுதினது வேறங்க. அத நான் படிச்சேன். அது நல்லா இருந்துச்சு."

சார் கொஞ்சமாவது கூசினார் என்கிறீர்களா? "பார்த்தீங்களா... இதுதான் ஹீரோவோட தன்னடக்கம்!" என்றார். மறுபடியும் கைத்தட்டல்! அண்ணன் சொன்ன உண்மையையும் வட்டத்துக்குள் போட்டு மூடிவிட்டார் மனுஷன்! அவர் கையிலிருந்த என் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

"உடு... அவருக்கு அப்படித்தான் வேணும் போல" என்றான் அண்ணன், பைக்கை எடுத்துக்கொண்டே. எனக்கு விட முடியவில்லை. இன்னும்தான் விடவில்லை.

அப்போதாவது ஒரு மாடியில் ஒரு சார். இப்போது ஃபோனைத் திறந்தால் ஆளுக்கொரு வட்டம். விழுந்தேன், எழுந்தேன், ஜெயித்தேன்... தோற்றேன் என்று சொல்லக்கூட முதலில் ஜெயித்துவிட்டு வரவேண்டும் போல. ஜெயிக்காதவன் எங்கே போய்ச் சொல்லுவான்?

போன வாரம் அண்ணன் மகள் ஃபோன் பண்ணினாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று பரீட்சை எழுதியிருந்தவள்.

"அத்தே, நான் பாஸ் ஆகலை."

பகீரென்றது. இந்த வயசுப் பிள்ளைகள் ரிசல்ட் வந்த அன்றைக்குக் கதவைத் தாழ் போட்டாலே நாமெல்லாம் ஓடிப்போய்த் தட்டுகிற காலம் இது.

"அப்பாவுக்குத் தெரியுமாடி?"

"அவருகிட்டதான் மொதல்ல சொன்னேன். கடைல ஆளுங்க இருக்கறப்பவே போய்ச் சொல்லிட்டேன்."

"பயமா இல்லியாடி உனக்கு?"

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை.

"அப்பாதான அத்தே... எதுக்குப் பயம்?"