அரளிக் குச்சிக்கு அடி எது, நுனி எது?

இரண்டு மாதம் முன்பு, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு தப்புக்கு நானும் கூட்டாளி ஆனேன். ஆதாரம் என் கையெழுத்திலேயே இருந்தது!

எனக்கு வாராவாரம் மீன் கொடுப்பவர் கஸ்தூரி. அவர் வீட்டு வேலியோரம் ஒரு செவ்வரளி நின்றது. கணவர் ஏழுமலை ஒருமுறை இன்ஜின் நின்றுபோய், ஒரு பகல் முழுக்கக் கடலில் தவித்துத் திரும்பினார். அன்று கஸ்தூரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டது இதுதான்: வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் வளர்த்த பூவைப் படகின் முகப்பில் வைப்பது. கடைப் பூ கூடாது.

அந்தச் செடி நின்ற இடத்தில்தான் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்ட வேண்டும் என்றார்கள். யார் மறுக்க முடியும்? உப்புக் காற்றில் வாழ்கிற ஊருக்கு நல்ல தண்ணீர்!

“சார், எத நட்டாலும் தேதி போட்டு எழுதி வெக்கிற ஆளு நீங்க. இத எப்டியாவது பொழைக்க வெச்சுக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். ஒரு முழுத் தாள்... முற்றிய கிளை, பென்சில் பருமன், ஒரு சாண் நீளம். ஒரு முனையைச் சரிவாக வெட்டவும். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. கடற்கரை மணல் வேண்டாம். அரளிப் பால் விஷம், கை கழுவவும். கீழே தேதி வேறு.

ஏழுமலை பன்னிரண்டு குச்சிகளை வெட்டி, உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டியில் வயல் மண் நிரப்பி நட்டார். மறுநாள் பொக்லைன் வந்தது. தாய்ச்செடி போயிற்று.

பதினோராம் நாள் போய்ப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி வரிசை. ஆனால் ஏதோ இடறியது. குனிந்தேன். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதானே துளிர்மொட்டு இருக்க வேண்டும்? இங்கே கீழே இருந்தது. பருத்த அடிப்பக்கம் வானம் பார்த்து நின்றது.

பன்னிரண்டும் தலைகீழ்!

“இன்னா சார் தப்பு?” என்றார் ஏழுமலை. “ஏரில வலை கட்ட கழி ஊனறோம். நுனியத்தான சீவி சேத்துல எறக்குவோம்? அடி மேல இருந்தாத்தான தட்டி எறக்க முடியும்?”

“யோவ், அது கழி. இது செடி!” என்றார் கஸ்தூரி. “நல்லவேள, எம்பொண்ணத் தொட்டில்ல நான் போட்டேன். நீ போட்டிருந்தா அதுவும் தலகீழாத்தான் கெடந்திருக்கும்.”

ஏழுமலை சிரிக்கவில்லை. தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். “இதுல எந்த முனைன்னு எங்க சார் எழுதிக்கீறீங்க?”

எங்கேயும் எழுதவில்லை. கை கழுவுவதைக்கூட எழுதியவன், எதை மண்ணுக்குள் வைப்பது என்று எழுதவில்லை. அதுகூடவா தெரியாது என்ற நினைப்பு! உண்மையில் நாம் எழுதாமல் விடுவதெல்லாம் நமக்குக் கஷ்டமானவை அல்ல... நமக்குப் பழகிப்போனவை. அவர் கைக்குப் பழகியது வேறு. சேற்றில் அவர் ஊன்றிய கழி ஒன்றுகூடச் சாய்ந்ததில்லையே!

நகத்தால் ஒவ்வொரு குச்சியாகச் சுரண்டினோம். ஐந்து காய்ந்திருந்தன. ஏழில் பச்சை தெரிந்தது. அவற்றை வேறு மண்ணில் நேராக நட்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கஸ்தூரி வெறுங்கையைத்தான் படகின் முகப்பில் வைத்துக் கும்பிட்டார். “கடைல ஒரு முழம் வாங்கேன்” என்று ஏழுமலை சொல்லிப் பார்த்தார். கஸ்தூரி அசையவில்லை.

ஏழில் மூன்று பிழைத்தன. பூக்க இன்னும் பல மாதம் ஆகும்.

போன வெள்ளிக்கிழமை நான் கரையில் நின்றிருந்தேன். கஸ்தூரி முந்தானையிலிருந்து ஏதோ எடுத்து முகப்பில் வைத்தார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் அரளி இலை.

“இன்னாடி, எலைய வெக்கிற?” என்றார் ஏழுமலை.

“பூ வந்துனு இருக்குதுன்னு அம்மங்கிட்ட சொல்ல வாணாமா? நீ கெளம்பு.”

வாக்கு கொடுத்தவர்கள் தவணை கேட்பதென்றால், இப்படிக் கேட்க வேண்டும்.